வீட்டுக்காரர் வந்திருந்த நாள்

உதவிநிதிப் பிரிவில் என் இருக்கையை இந்த மாதத்தோடு காலி செய்கிறேன். இறுதித் தேர்வை எழுதப்போகும் ஓர் இலக்கிய மாணவி தன்னைப் ‘பணி ஓய்வு பெறுகிறவள்’ என்று சொல்லிக்கொண்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனாலும், விடுமுறைதோறும் முன்பின் அறியாதவர்களின் வீட்டுப் படியேறி, அவர்களிடம் எது இல்லை என்று கேட்டு எழுதிவந்தவளுக்கு, அடுத்து அந்தப் படியேறப்போகிறவர்களிடம் சொல்ல ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது.

வேலையின் விதிகளை நீங்கள் முன்பே படித்திருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்ற முதற்கடிதம் கிடைத்த மாணவர்களில், படிக்கப் பணமில்லை என்று விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கு இருவர் போக வேண்டும். பார்த்ததைத் தனித்தனியே எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை, பார்த்ததைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. தண்ணீர் தவிர எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது. இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போனால் குழு விரைவில் முடிவெடுக்கும். முரண்பட்டால் கோப்பு காத்திருக்கும். ஆனால் விடுதி முன்பணத்துக்கான கெடு காத்திருக்காது. கெடு தாண்டினால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

விதிகளில் இல்லாத ஒன்றையும் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள். நாம் வருகிறோம் என்று தெரிந்ததும் எந்த வீடும் தன் இயல்பில் இருப்பதில்லை. செமாபோக்கில் ஒரு தகப்பனார், எங்கள் கண்ணில் படக்கூடாது என்று தம் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். புக்கிட் ரம்பாயில் ஒரு தாயார், எங்களை உட்காரவைப்பதற்காகப் பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கிப் போட்டிருந்தார். முதல் வீட்டைப் பொய் என்றும் இரண்டாவது வீட்டை வசதி என்றும் எழுதிவிடுவது எளிது. இரண்டிலும் இருந்தது ஒரே கூச்சம்தான் என்று புரிய எனக்கு மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு போகிப் பண்டிகை தேவைப்பட்டது.

நான் அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். சுதந்திரம் வந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் என்பதே எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிய செய்தி. பொங்கலுக்கு ஊர் திரும்பிய என்னிடம் மலாக்கா நகரத்து வீடுகளைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு இணையாக அனுப்பப்பட்டவர் கிள்ளானைச் சேர்ந்த குணசேகரன், பொருளியல் மாணவர். எனக்கு ஓராண்டு மூத்தவர். குணா அண்ணன் என்று அழைப்பேன். கடைசி வீட்டுக்குப் போகியன்று போகலாம், தமிழர் வீட்டில் அன்று எல்லோரும் இருப்பார்கள் என்று நாளைக் குறித்தவர் அவரே.

போகும் வழியில் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“செட்டி வீடுன்னு போட்டிருக்கு. வட்டிக்கு விடுறவங்க வீட்டுப் பொண்ணுக்கு நம்ம உதவிநிதி எதுக்கு?”

“அந்தச் செட்டியார் இல்லண்ணே. இவங்க மலாக்கா செட்டி. எந்தக் காலத்துலயோ வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இந்த ஊராவே ஆயிட்டவங்க. கும்பிடறது நம்ம சாமிதான். வீட்ல மலாய்தான் பேசுவாங்க, தமிழ் வராது.”

“அப்ப போகிக்கு என்னா பண்ணுவாங்க? நம்ம மாதிரி பழசெல்லாம் போட்டுக் கொளுத்துவாங்களா?”

“தெரியலண்ணே.”

உண்மையாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் அவர்களின் குடியிருப்பான கம்பம். திருவிழாவில் அவர்களோடு தேர் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் போனதில்லை.

அந்த வீட்டின் வாசலிலேயே சாம்பிராணிப் புகை எங்களை எதிர்கொண்டது. உள்ளே கூடம் முழுவதும் வாழையிலைகள். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, சம்பால் என்னும் மிளகாய்த் துவையல், பொரித்த மீன், கோழிக்கறி, பெயர் தெரியாத பலகாரங்கள், பழங்கள். நடுவிலிருந்த இலையில் மட்டும் ஒரு கோப்பை கறுப்புக் காப்பியும் ஒரு சுருட்டும் கூடுதலாக இருந்தன. விண்ணப்பித்த பெண்ணின் தாயார் கெபாயா என்னும் நீண்ட மேற்சட்டை உடுத்தி, கழுத்தில் பொன்மாலையோடு நின்றார். கெபாயாவின் முன்புறத்தைப் பொன் ஊசிகள் ஒரு சங்கிலியில் கோத்துப் பிடித்திருந்தன. குணா அண்ணனின் கண்கள் இலைகளிலிருந்து அந்தப் பொன்னுக்கு ஏறின. அவர் எதுவும் பேசவில்லை. பேசக்கூடாது என்பது விதி. ஆனால் அவர் பேனாவின் மூடியைத் திருகும் விதம் எனக்குப் பழக்கமானது.

“மாரி, டூடோக், டூடோக்” என்றார் தாயார், வாருங்கள், உட்காருங்கள். அந்த வீட்டில் பேசப்பட்டதெல்லாம் மலாய். என் நினைவில் நிற்பதை இங்கே தமிழில் தருகிறேன்.

அந்தப் பெண்ணின் இறந்துபோன தகப்பனாருடைய அண்ணன்தான் அன்றைய சடங்கை நடத்திக்கொண்டிருந்தார். குணா அண்ணனின் மார்க்கெட் மலாயைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“கிள்ளான் தம்பியா? நீங்க தமிழ் பேசுவீங்க, மலாய் நொண்டும். நாங்க மலாய் பேசுவோம், தமிழ் நொண்டும். இந்த ஊர்ல சாமி ஒருத்தருக்குத்தான் ரெண்டும் நேரா வரும்.”

விண்ணப்பித்த தேவகி சுவரோரம் நின்றாள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் முடித்தவள். தாவரவியல் படிக்க முதற்கடிதம் பெற்றிருந்தாள். நகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்த்துவந்த அவள் தகப்பனார் முந்திய ஆண்டு காலமாகிவிட்டார் என்பது விண்ணப்பத்தில் இருந்தது.

குணா அண்ணன் மரியாதையாகத்தான் தொடங்கினார்.

“வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் குடும்பம் எப்படிம்மா நடக்குது?”

தாயார் நடு இலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

“சுக்கூப்” என்றார். போதும்; போதிய அளவு இருக்கிறது.

“பொண்ணை கோலாலம்பூர் அனுப்பணும்னா கட்டணம் இருக்கு, விடுதி இருக்கு, புத்தகம் இருக்கு...”

“சுக்கூப்.”

“அம்மா” என்றாள் தேவகி, பல்லைக் கடித்தபடி. “உள்ளதைச் சொல்லும்மா.”

தாயாரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, “ஜாங்கான்” என்றார், வேண்டாம். “அப்பா வீட்ல இருக்காரு.”

குணா அண்ணன் விண்ணப்பத்தை மறுபடி பிரித்துப் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து தமிழில் கிசுகிசுத்தார். “தகப்பன் செத்துட்டாருன்னு எழுதியிருக்கு. இப்ப வீட்ல இருக்காருங்குது இந்தம்மா. என்னா கூத்து இது?”

அது காதில் விழுந்து, இறந்தவரின் அண்ணன் விடை சொன்னார். போகி அவர்களுக்கு இறந்தவர்களின் நாள். வீட்டில் காலமானவர்களை எல்லாம் அன்று சாப்பிட அழைப்பார்கள். இலை போட்டு, விளக்கேற்றி, புகை காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் வெளியே போய் நிற்க வேண்டும். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்றுதான். “என் தம்பி போனதுக்கப்புறம் வர்ற முதல் போகி” என்றார். “வாங்க, வெளிய நிப்போம்.”

எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். கதவு சாத்தப்பட்டது.

இளையவர்களே, நம் வேலையில் முடிவெடுப்பதற்கு அறையும் மேசையும் கிடைப்பதில்லை. வெயிலில், பிறர் வீட்டு முற்றத்தில், செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது முடிவெடுக்க வேண்டியிருக்கும். குணா அண்ணன் மதியப் பேருந்தில் கிள்ளானுக்குப் போக வேண்டும், மறுநாள் பொங்கல். பொங்கல் முடிந்ததும் அறிக்கைகள் கோலாலம்பூரில் இருக்க வேண்டும். அவர் அறிக்கையில் என்ன எழுதுவார் என்பது எனக்குத் தெரியும். நான் வேறுவிதமாக எழுதினால் கோப்பு தூங்கும், கெடு தாண்டும், தேவகி தாவரவியல் படிக்கமாட்டாள். பார்த்ததைப் பற்றி அவரிடம் பேச எனக்கு உரிமையில்லை. பார்க்க இது தகுந்த நாள்தானா என்பதைப் பேச உரிமையுண்டு என்று எனக்குத் தோன்றியது. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு மெல்லியது. அதன்மீது நடக்கத் தொடங்கினேன்.

“அண்ணே, இன்னிக்கு எழுத வேணாம். இன்னொரு நாள் வரலாம்.”

“ஏன் தங்கச்சி? வந்தாச்சு, கேட்டாச்சு, அவங்களே போதும்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு. கேட்டதை நான் எழுதணும். சொல்லாததைக் கண்டுபிடிச்சு எழுதறதுக்கு இது கதையா? அது உன் பாடம், என் பாடம் இல்ல.”

சுருக்கென்றது. ஆனால் அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் உதவிநிதியில்தான் படித்தார். தகுதியில்லாத ஒருவருக்குப் போகும் பணம் தகுதியுள்ள இன்னொருவரின் சாப்பாட்டிலிருந்து போகிறது என்பதை அவர் வயிறு அறியும்.

என் முகத்தைப் பார்த்துச் சற்று இறங்கிவந்தார். “சரி, பாதி உதவி குடுக்கலாம்னு எழுதறேன். நீயும் அதையே எழுது. ரெண்டும் ஒத்துப்போயிடும். ஆளுக்குக் கொஞ்சம் நல்லது லா.”

ஒரு கணம் அது நியாயமாகவே தோன்றியது. வரும் நாட்களில் உங்களுக்கும் தோன்றும். பாதி உதவி என்பது மரியாதையாகச் சொல்லப்படும் மறுப்பு. அதை வேண்டாம் என்று சொல்லக் குடும்பங்கள் கூச்சப்படும்; மீதிப் பாதிக்கு எங்கெங்கோ கைநீட்டும்; ஆண்டின் நடுவில் அந்த மாணவர் விடுதி அறையைக் காலி செய்துகொண்டு பேருந்து ஏறுவார். நாம் அந்தப் பேருந்தைப் பார்ப்பதில்லை. ஆகவே பாதி கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

“முன்னாடியே பேசிவச்சு எழுதக்கூடாதுண்ணே” என்றேன். “ஆனா வேற ஒரு விதி இருக்கு. வீட்ல சாவு விழுந்திருந்தா அன்னிக்கு விசாரணை கூடாது. வேற நாள் குறிச்சுத் திரும்பி வரணும்.”

“சாவு போன வருசம் தங்கச்சி!”

“ஆள் இன்னிக்குல்ல வந்திருக்காரு.”

அவர் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். சாத்திய கதவின் அருகில் அந்தத் தாயார் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சற்றே சாய்த்து, உள்ளேயிருந்து வரும் சத்தத்துக்காகக் காத்திருப்பவரைப்போல. ஒரு கையால் கெபாயாவின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு காதோர முடியை ஒதுக்கிக்கொண்டார். வேலையிலிருந்து கணவன் திரும்பும் நேரத்தில் ஒரு பெண் செய்யக்கூடியவை அவை.

குணா அண்ணன் வெகுநேரம் அவரையே பார்த்தார்.

“உள்ள யாரும் இல்ல தங்கச்சி” என்றார், மெதுவாக.

“இல்லண்ணே. ஆனா அவங்க வாயைத் திறக்க முடியாத அளவுக்கு இருக்காரு.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “எங்கம்மா என்னைக் கொன்னுடும். பொங்கலுக்கு முதத் தடவையா வீட்ல இல்ல” என்றார்.

கதவு திறந்தது. முதலில் எங்களுக்கே இலை போட்டார்கள். “தண்ணி மட்டும் போதும்” என்று குணா அண்ணன் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறந்தவரின் அண்ணன் விடவில்லை. “எங்க சாப்பாடுன்னா வேணாம்னு சொல்லுங்க தம்பி. இது அவங்க சாப்பிட்ட மிச்சம். பெரியவங்க குடுக்கறதை வேணாம்னு சொன்னா அடுத்த வருசம் என் கனவுல வந்து திட்டுவாங்க, உங்க கனவுல இல்ல.”

விசாரணை இன்று நடக்கவில்லை என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். விசாரணை இல்லையென்றால் நாங்கள் விசாரிப்பவர்கள் இல்லை, விருந்தாளிகள். இந்தத் தர்க்கத்தை நான் சொன்னதும் பொருளியல் மாணவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. சம்பாலை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொங்கலை அவர் எங்கள் வீட்டில், என் அண்ணன்மாரோடு கழித்தார். அதற்கு அடுத்த நாள் திரும்பப் போனோம்.

கூடம் பெருக்கப்பட்டு வெறுமையாக இருந்தது. கெபாயாவும் இல்லை, பொன் ஊசிகளும் இல்லை. தாயார் வெளுத்த சாரோங் கைலி உடுத்தியிருந்தார். தோளில் அரிசிமாவு ஒட்டியிருந்தது. தேவகி அவரோடு பேசாமலிருக்கிறாள் என்பது அவள் நாற்காலியை இழுத்துப்போட்ட விதத்திலேயே தெரிந்தது. குணா அண்ணன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தாயார் சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்தைப் பார்த்தார். எழுந்து, “வெளிய வாங்க” என்றார்.

வீட்டின் பின்னால், கிணற்றடியில் நின்றுகொண்டுதான் அவர் பேசினார்.

“காலையில நாசி லெமாக் பொட்டலம் கட்டி விக்கறேன். மழை பேஞ்சா வாங்க ஆள் வராது, நாங்களே திங்கறோம். அன்னிக்கு நான் போட்டிருந்த நகை அவர் அண்ணன் சம்சாரத்தோடது. முதல் வருசம், வெறும் கழுத்தோட அவர் முன்னாடி நிக்காதேன்னு அதுதான் போட்டுவிட்டுச்சு. அந்தச் சாப்பாடு, கம்பத்துல அவங்கவங்க பெரியவங்களுக்குச் சமைச்சப்ப இவருக்கும் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டாங்க.” வீட்டின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “ஆஸ்பத்திரியில கடைசியா என்னைக் கேட்டது இதைத்தான். ‘தேவகியை எப்படி அனுப்புவே?’ன்னாரு. ‘அனுப்பிடுவேன், எல்லாம் இருக்கு’ன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு. அவர் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கற அன்னிக்கு, ஒண்ணும் இல்லைன்னு அவர் காதுபடச் சொல்லச் சொல்றீங்களா?”

தேவகிக்கு அந்தக் கடைசிக் கேள்வி அதுவரை தெரியாது என்பதை அவள் முகம் சொன்னது. அவள் அழவில்லை. அருகில் வந்து, தாயாரின் தோளில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். மாவு போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். குணா அண்ணன் பின்வாசல் படியில், நான் கிணற்றடியில். அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை, இன்றுவரை கேட்டதுமில்லை. நான் எழுதியது சிறிய அறிக்கை. நகை யாருடையது, சாப்பாடு யாருடையது என்பதை எழுதினேன். பாதி உதவி ஏன் பயன்படாது என்பதையும் எழுதினேன்: தேவகி கோலாலம்பூர் போனால் செலவு கூடுவது மட்டுமல்ல, காலையில் பொட்டலம் கட்டும் இரண்டு கைகளும் அந்த வீட்டில் குறையும். அந்தக் கைகளுக்கான இடம் எந்த விண்ணப்பத்திலும் இல்லை. நாம்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அறிக்கைகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. பிரிவின் செயலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். நீங்களும் விரைவில் அவர் அறையில் நிற்பீர்கள். அந்த அம்மையாரின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வரும் பார்வைக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

“முதல் வருகையை ‘வீட்டில் இறப்பு’ என்று ஒத்திவைத்திருக்கிறீர்கள். யார் இறந்தது?”

“வீட்டுக்காரர்” என்றேன்.

“எப்போது?”

“சென்ற ஆண்டு.”

அவர் குணா அண்ணனைப் பார்த்தார். அவர்மீது பழி விழக்கூடாது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். “நானும் ஒத்துக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், மேடம். அவர் வீட்டில் இருந்தார். அந்த அம்மாவால் பேச முடியவில்லை.”

செயலாளர் முழுவதையும் சொல்லச் சொன்னார். சொன்னோம்.

“அந்த விதியை எழுதியது நான்தான்” என்றார். “எழுதும்போது இது என் நினைவில் வரவில்லை. வந்திருந்தால் சேர்த்திருப்பேன்.” பிறகு இரண்டு அறிக்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குழுவுக்குப் போகும் தட்டில் போட்டார்.

கெடுவுக்குள் முழு உதவி கிடைத்தது. தேவகி வந்தாள். நூலகத்தில் இலைகளைத் தாளில் அழுத்தி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெலிந்த பெண்ணை நீங்களும் பார்த்திருக்கலாம்; அவளிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள்.

உங்களுக்கு நான் விட்டுப்போவது இவ்வளவுதான். ஒரு வீட்டில் ‘இல்லை’ என்ற சொல் வரவில்லையென்றால், அந்தச் சொல் யார் காதில் விழக்கூடாது என்று அங்கே பயப்படுகிறார்கள் என்று தேடுங்கள். அவர் மாமியாராக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், விண்ணப்பித்த மாணவராகவே இருக்கலாம். காஜா பேராங்கில் அவர் இறந்தவராக இருந்தார். அவர் கேட்காத இடமாகப் பார்த்துக் கேளுங்கள். அதற்கு இன்னொரு நாள் ஆகுமென்றால் அந்த நாளைக் கேட்டு வாங்குங்கள். அதற்காகத் திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த போகிக்கு அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இந்த முறை கையில் தாளுமில்லை, பேனாவுமில்லை; பழம் மட்டும் வாங்கிப் போனேன். அதே கூடம், அதே புகை. இலைகள் சென்ற ஆண்டைவிடக் குறைவு. அன்று சமைத்ததெல்லாம் அந்த வீட்டு அடுப்பில் சமைத்தது என்று தேவகி என்னிடம் சொன்னாள். தாயார் வெறும் கழுத்தோடு நின்றார். கெபாயாவைச் சாதாரண ஊசிகள் பிடித்திருந்தன.

கதவைச் சாத்துவதற்கு முன் அவர் நடு இலையின் முன்னால் குனிந்து காப்பியை வைத்தார், சுருட்டை வைத்தார். தாழ்ந்த குரலில் கணவரிடம் பேசினார். தேவகி போய்விட்டாள், விடுதியில் சாப்பாடு போடுகிறார்கள், நன்றாகப் படிக்கிறாள் என்றார். பிறகு, “சுக்கூப்” என்றார்.

மழை நாட்களில் பொட்டலங்கள் இன்னும் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தன. தேவகிக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். சென்ற ஆண்டு ‘உள்ளதைச் சொல்லும்மா’ என்றவள், இப்போது தாயாரின் பக்கத்தில் போய் முழங்காலிட்டாள். காப்பிக் கோப்பையின் பிடியைத் தகப்பனாரின் கைக்கு எட்டுகிற பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“சுக்கூப், அப்பா” என்றாள்.

நாங்கள் வெளியே வந்து, கதவைச் சாத்தினோம்.